ஒசாகால இருக்கற ஷிதென்னோஜி கோயில் நெஜமாவே பழசா? ஒரே ஒரு லீவு நாள்தான் இருக்கு

காவேரிப்பட்டணத்தான்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஓசூர்ல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில குவாலிட்டி செக்‌ஷன்ல இருக்கேன், ஊரு காவேரிப்பட்டணம். ரெண்டு மாசம் ட்ரெய்னிங்னு ஒசாகா அனுப்பறாங்க, செப்டம்பர் மொத வாரம் ஃபிளைட். பெங்களூர் தாண்டி எங்கயும் போனதில்ல, அது வேற கதை.

ஞாயித்துக்கிழமை லீவுதான், ஆனா துணி துவைக்க, வாரத்துக்கு சாமான் வாங்க, சமைக்கவே சரியா போயிடும்னு முன்னாடி போயிட்டு வந்த அண்ணன் ஒருத்தர் சொல்றாரு. 23ஆம் தேதி மட்டும் ஏதோ கவர்மெண்ட் லீவாம், அன்னிக்கு முழுசா ஃப்ரீ. அம்மா ஒரே பிடியா இருக்குது, அந்த ஊர்ல பழைய கோயில் எதுனா இருந்தா அப்பா பேர்ல ஒரு விளக்கு போட்டுட்டு வாடான்னு. அப்பா போன வருஷம் ஆவணில தவறிட்டாரு, வருஷ திதி முடிச்ச கையோட கிளம்பறேன். புரட்டாசி அமாவாசைக்கு எல்லாரும் ஒகேனக்கல் போய் தர்ப்பணம் குடுக்கறதா இருந்தோம், இப்ப தம்பி மட்டும்தான் போவான். பெரியவன் இல்லாம என்னடான்னு அம்மாவுக்கு மனசே ஆறல.

நெட்ல தேடினா ஊருக்கு நடுவுலயே ஷிதென்னோஜின்னு புத்தர் கோயில், 593ல கட்டினதுன்னு போட்டிருக்கு. ஃபோட்டோ பார்த்தா பெயிண்ட் எல்லாம் நேத்து அடிச்ச மாதிரி பளபளன்னு இருக்கு. நெஜமாவே பழசா? நம்மள உள்ள விடுவாங்களா, என்ன முறை, விளக்கு ஏத்தலாமா? போனவங்க யாராச்சும் சொல்லுங்க. இன்னொன்னு, அம்மா நிப்பட்டு (தட்டைதான்) ரெண்டு கிலோ கட்டி வெச்சிருக்குது, ஏர்போர்ட்ல பிடுங்கிடுவாங்களா? மாம்பழ சீசன் முடிஞ்சிடுச்சு, இல்லன்னா அதையும் கட்டியிருக்கும்.

தகடூரான்:

தம்பி, 593 போர்டை பார்த்து ஏமாறாதீங்க. நானும் கம்பெனி வேலையா போனப்ப அதே ஆசைல போனேன். உள்ள போய் தூணை விரலால தட்டிப் பார்த்தேன், மரத்து சத்தமே வரல. சுத்தமான கான்க்ரீட்! அப்புறம்தான் விசாரிச்சேன், 1934ல வந்த புயல்ல அஞ்சடுக்கு கோபுரம் சாஞ்சிடுச்சாம், 1940ல திரும்ப கட்டினாங்களாம், அஞ்சே வருஷம், 1945 மார்ச்ல அமெரிக்காக்காரன் போட்ட குண்டுல எரிஞ்சே போச்சு. இப்ப நிக்கற கோபுரம் 1959ல எழுப்பினது, சுத்து மண்டபம் எல்லாம் சேர்த்து 1963லதான் முடிஞ்சிருக்கு. நம்ம கிருஷ்ணகிரி டேம் வயசுதான் வெச்சுக்கோங்க.

பழசு பாக்கணும்னா நாரான்னு ஒரு ஊருக்கு போங்க, ஒசாகால இருந்து ட்ரெய்ன்ல முக்கா மணி நேரம் கூட ஆகாது. அங்க தோதைஜி கோயில்ல பெரிய புத்தர் இருக்காரு, 752ல அவருக்கு கண் திறப்பு பண்ணி வெச்சதே இந்தியால இருந்து போன போதிசேனர்னு ஒரு துறவி. இன்னும் கொஞ்சம் தள்ளி ஹோர்யூஜி கோயில், உலகத்துலயே பழைய மரக் கட்டடம் அங்கதான் நிக்குது. தர்மபுரி கோட்டை கோயில்ல தொங்கும் தூணை பார்த்து வளர்ந்தவன் நான், கான்க்ரீட்டுக்கு கும்பிடு போட கை வரல. அவ்ளோதான்.

பர்கூர்_மணி:

நிப்பட்டு தாராளமா எடுத்துட்டு போங்க பாஸ், ரெண்டு கிலோ பத்தாது, கூட இருக்கற ஜப்பான்காரனே பாதி காலி பண்ணிடுவான், எனக்கு அதான் நடந்துச்சு. கறி ஐட்டம் மட்டும் எதுவும் வேணாம், பெல்ட்டு பக்கத்துல நாய் மோந்துகினே நிக்கும். பச்சையா பழம், காய், கறிவேப்பிலை எதுவும் சர்டிஃபிகேட் இல்லாம கூடாது. எங்க அம்மா பொடி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வெச்ச கறிவேப்பிலைக்கு நான் அரை மணி நேரம் நின்னு பதில் சொன்னேன். கோயில் பத்தி தெரியாது, நான் ரூம்ல தூங்கின ஆளு.

பாலக்கோடு_சுதா:

நாங்க ஒசாகால நாலு வருஷம் இருந்தோம், வீட்டுக்காரர் வேலை அங்க. அந்த கோயில்ல இருந்து ரெண்டு ஸ்டேஷன் தள்ளி வீடு, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

தகடூரான் அண்ணா சொன்னது பொய்யில்ல, ஆனா பாதிதான். எரிஞ்சது நடுவுல இருக்கற கட்டடங்க. மேற்கு வாசல்ல ஒரு கல் தோரணம் நிக்கும், தோரீன்னு சொல்லுவாங்க, அது 1294ல வெச்சது. வடக்கு பக்கம் குளத்துக்கு எதிர்ல ரோக்குஜிதோன்னு ஒரு பெரிய மண்டபம், 1623ல கட்டினது, குண்டுக்கு தப்பிச்சிடுச்சு, அண்ணா அந்த தூணை தட்டிப் பார்த்திருந்தா மரத்து சத்தம் வந்திருக்கும் 😀. நடுவுல கான்க்ரீட்ல கட்டினாலும் இடம் மாத்தல, தெற்குல இருந்து வடக்கா வாசல், கோபுரம், மூலவர் மண்டபம், பிரசங்க மண்டபம் நாலும் ஒரே நேர்கோட்டுல, இந்த கோயிலை கட்டின ஷோதொக்கு இளவரசர் காலத்து அமைப்பு அப்படியே. அந்த கோபுரத்துக்குள்ள படி ஏறி மேல வரைக்கும் போலாம், முட்டி வலிக்கும், நான் ஒரு தடவையோட நிறுத்திட்டேன்.

ஒரு சண்டைல ஜெயிச்சா நாலு திசை ராஜாக்களுக்கு கோயில் கட்டறேன்னு வேண்டிக்கிட்டாராம் அந்த இளவரசர், 587ல நடந்த சண்டை அது. ஷிதென்னோன்னா நாலு தேவ ராஜாக்கள், ஜின்னா கோயில். அந்த நாலு பேரு யாருன்னு கேட்டா ஆச்சரியப்படுவீங்க, திருதராஷ்டிரன், விரூடகன், விரூபாக்‌ஷன், வைஸ்ரவணன். நம்ம பக்கம் பாரதக் கூத்து பார்த்தவங்களுக்கு திருதராஷ்டிரன்னதும் துரியோதனன் அப்பா ஞாபகம்தான் வரும், இவரு வேற, கிழக்கு காக்கறவரு. வைஸ்ரவணன்னா நம்ம குபேரன், வடக்கு. நம்ம கோயில் அஷ்டதிக் பாலகர் கணக்குதான் கிட்டத்தட்ட.

கட்டினவங்க கதைதான் எனக்கு ரொம்ப பிடிக்கும். கொரியா பக்கம் பெக்ஜே ராஜ்ஜியத்துல இருந்து வந்த தச்சருங்கதான் கட்டினாங்களாம், அதுல ஒரு குடும்பம் 578ல ஆரம்பிச்ச கம்பெனிதான் கொங்கோ குமி. எத்தனை தடவை எரிஞ்சாலும் சாஞ்சாலும் அந்த குடும்பத்தை கூப்பிட்டு திரும்ப கட்டறது. 1400 வருஷத்துக்கு மேல தனியா நடத்திட்டு 2006லதான் கடன் முத்திப்போய் வேற பெரிய கம்பெனி கீழ போச்சு. கோயில் வேலை இன்னும் செய்யறாங்க.

முறைன்னு பெருசா இல்ல. வாசல்ல தண்ணி தொட்டி இருக்கும், கரண்டில மொண்டு இடது கை, அப்புறம் வலது கை, அப்புறம் கைல ஊத்தி வாய் கொப்பளிக்கணும், கரண்டில நேரா வாய் வெச்சிடாதீங்க. கை தட்டி கும்பிடறது ஷிண்டோ (அவங்க சொந்த மதம்) கோயில்ல, இங்க சத்தம் இல்லாம நம்மள மாதிரியே கை கூப்பினா போதும். மண்டபத்துக்குள்ள செருப்பு கழட்டச் சொன்னா கழட்டிடுங்க, ஃபோட்டோ வேணாம். மெழுகுவத்தி, ஊதுபத்தி அங்கயே விப்பாங்க, விளக்குக்கு பதிலா அது. வெளி பிரகாரத்துக்கு காசு இல்ல, நடு பகுதிக்கு டிக்கெட் உண்டு, சாயங்காலம் நாலு நாலரைக்கே அதை மூடிருவாங்க. மெட்ரோல ஷிதென்னோஜிமாயே யூஹிகாவோக்கான்னு ஸ்டேஷன் பேரே ஒரு முழம் வரும், இறங்கி அஞ்சு நிமிஷம் நடை.

தகடூரான்:

சுதாம்மா, 1623 மண்டபத்தை நான் பார்க்கல, டிக்கெட் வாங்கி நடு பகுதியை சுத்திட்டு கடுப்புல வெளிய வந்துட்டேன், ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு. நாமளும் கும்பாபிஷேகம்னு கோபுரத்துக்கு பெயிண்ட் அடிக்கறோம், சரி. அதுக்காக மூலஸ்தானத்தை இடிச்சு கான்க்ரீட்ல ஊத்தினா விட்டுடுவமா?

பாலக்கோடு_சுதா:

நம்மது கல்லு அண்ணா, எரியல, அதனால அந்த கேள்வி நமக்கு வரல. அவங்களுக்கு பல தடவை வந்திருக்கு. எரிஞ்ச இடத்துல சும்மா கையை கட்டிட்டு நிக்க முடியுமா, அப்ப கைல இருந்தது சிமெண்ட்.

காவேரிப்பட்டணத்தான்:

ரொம்ப நன்றிக்கா. அண்ணா உங்களுக்கும்தான், நாராவும் ஒரு ஞாயித்துக்கிழமை முயற்சி பண்றேன். 23ஆம் தேதி இங்கதான்னு முடிவு பண்ணிட்டேன். வீட்ல சொன்னதுக்கு சித்தப்பா ஒரே கேள்வி, புத்தர் கோயில்ல போய் நம்ம ஆளுக்கு என்னத்த செய்வ, அவங்களுக்கு திதி எல்லாம் உண்டான்னு. எனக்கு பதில் தெரியல.

பாலக்கோடு_சுதா:

ஐயோ தம்பி, முக்கியமானதை சொல்லாம விட்டுட்டேன் பாருங்க! 23ஆம் தேதி லீவே அதுக்குத்தான். பகலும் ராத்திரியும் சமமா வர்ற நாள், மார்ச்ல ஒண்ணு செப்டம்பர்ல ஒண்ணு, அதுக்கு முன்ன மூணு நாள் பின்ன மூணு நாள் சேர்த்து ஹிகான்னு சொல்லுவாங்க. ஹிகான்னா அக்கரைன்னு அர்த்தம். செத்தவங்க போய் சேர்ற கரை. அந்த வாரம் முழுக்க ஜனங்க கல்லறைக்கு, கோயிலுக்குன்னு போய் முன்னோருக்கு செய்வாங்க. நம்ம மகாளய பட்சமும் அதை ஒட்டியே வருது பாருங்க.

ஒசாகாக்காரங்களுக்கு ஹிகான்னாலே ஷிதென்னோஜிதான். ஒரு கவுண்டர்ல செத்தவங்க பேரை சொன்னா சீவல் மாதிரி மெல்லிசான மரப்பட்டைல எழுதி தருவாங்க, கியோகின்னு பேரு. மண்டபத்துல குடுத்து மந்திரம் சொல்ல வெச்சு, கமெய்தோன்னு ஒரு சின்ன மண்டபத்துக்கு எடுத்துட்டு போகணும். அங்க ஆமை வடிவத்துல கல் தொட்டி, மூலவர் மண்டபத்துக்கு அடில இருந்து ஊத்து தண்ணி வந்து விழுதுன்னு நம்பிக்கை, அந்த தண்ணில பட்டையை விடணும். தகடூரான் அண்ணா கவனிக்க: அந்த கல் ஆமை 7ஆம் நூற்றாண்டு வேலைன்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்லியிருக்காங்க.

சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டு வாங்க. அந்த ரெண்டு நாள்தான் சூரியன் மேற்கு வாசலுக்கு நேரா இறங்கும். ஒரு காலத்துல கடல் அது வரைக்கும் கிட்ட இருந்துச்சாம், கடலுக்குள்ள இறங்கற சூரியனை பார்த்து தியானம் பண்ணுவாங்களாம், மேற்குலதான் அமிதாப புத்தர் லோகம்னு. யூஹிகாவோக்கான்னாலே அந்தி வெயில் மேடுன்னுதான் அர்த்தம். இப்ப கடலுக்கு பதில் பில்டிங்.

பர்கூர்_மணி:

யக்கா, நான் ரெண்டு வருஷம் அந்த ஊர்ல இருந்தேன், அந்த லீவுக்கு முழுசா தூங்கினேன். எங்க நைனாவும் போய் சேர்ந்துட்டாரு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா போயிருப்பேன்.

காவேரிப்பட்டணத்தான்:

போயிட்டு வந்துட்டேன்ங்க, சொல்லாம விட்டா தப்பு. ஸ்டேஷன்லயே கூட்டம், எல்லாம் பாட்டி தாத்தா, கைல பூ. கல் தோரணத்தை தாண்டினா மேற்கு வாசல் தூண்ல வண்டி சக்கரம் மாதிரி பித்தளை நிறத்துல சின்ன சக்கரம் மாட்டி வெச்சிருக்காங்க, தர்ம சக்கரமாம், போறவங்க வர்றவங்க எல்லாம் ஒரு சுத்து சுத்திட்டு போறாங்க, கை பட்டு பட்டு விளிம்பு மட்டும் மினுமினுன்னு இருக்கு. நானும் சுத்தினேன், பேரிங் நல்லாவே இருக்கு (குவாலிட்டி புத்தி போகுமா). குளத்துல நெஜ ஆமைங்க நூத்துக்கணக்கா கல்லு மேல வெயில் காயுது.

கவுண்டர்ல அரை மணி நேரம் லைன். எனக்கு ஜப்பானீஸ் வராது, அப்பா பேரை ஃபோன்ல காட்டி வாயில சொன்னேன், அந்த அம்மா மூணு தடவை திருப்பி சொல்லிப் பார்த்துட்டு பிரஷ்ல எழுதினாங்க. அப்பா பேர் கடைசில ள் வரும், அவங்களுக்கு அந்த எழுத்து இல்ல போல, ரு ஆயிடுச்சு. பட்டை நம்ம ஸ்கேல் நீளம் இருக்கும், வெயில்ல பிடிச்சா அந்தப்பக்கம் விரல் தெரியுது, மை காயறதுக்குள்ள ஓரமா லேசா பரவிடுச்சு. மண்டபத்துல மணி அடிச்சு மந்திரம் சொல்றப்ப எனக்கு பக்கத்துல ஒரு தாத்தா கைல ஏழு பட்டை. ஆமை தண்ணில விட்டதும் உடனே முங்கல, கொஞ்ச நேரம் மிதந்து மத்தவங்க பட்டையோட சேர்ந்து ஒதுங்கிச்சு, அதுக்குள்ள பின்னாடி லைன் தள்ளுது, நகர்ந்துட்டேன்.

சூரியன் ஆறு மணிக்கு கொஞ்சம் முன்ன தோரணத்துக்கு நடுவுல இறங்கிச்சு, சாமியாருங்க மந்திரம் சொன்னாங்க, ரோட்டுல டாக்சிங்க பாட்டுக்கு போயிட்டு இருக்கு. தகடூரான் அண்ணா, கோபுரத்து தூணை நானும் தட்டிப் பார்த்தேன், நீங்க சொன்னது சரிதான்.

ராத்திரி அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். மொத கேள்வி சாப்டியாடா. அடுத்தது, அப்பா பேரை சரியா எழுதினாங்களா. சரியா எழுதினாங்கம்மான்னு சொல்லிட்டேன்.