அப்சார்பர் கசிவு, ஸ்கிரீன் கோளாறு: வண்டியை இறக்கினா வாரண்டியே போச்சா?

ஜூரோங் ஜீவா:
சிங்கப்பூர்ல கார் வாங்கி ரெண்டு வருஷம். அஞ்சு வருஷ வாரண்டி. வாங்கின சூட்டோட வெளிப்பட்டறையில ஸ்பிரிங் மாத்தி வண்டியோட உயரத்தைக் கொஞ்சம் இறக்கினேன். டேஷ்கேமும் போட்டேன், வண்டி நிக்கிறப்பவும் படம் பதிவாகிற பார்க்கிங் மோடுக்காக ஃபியூஸ் பெட்டியிலிருந்து வயர் இழுத்து. இப்ப அதிர்வைத் தாங்குற முன்பக்க இடது அப்சார்பர்ல எண்ணெய் கசியுது. நடு ஸ்கிரீன் அப்பப்ப கறுத்துப் போய் தானா திரும்பி வருது. வண்டியை வித்த ஏஜென்ட்கிட்ட விட்டேன். அட்வைசர் கீழ ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு, "மாடிஃபை பண்ணியிருக்கீங்க, வாரண்டி வாய்ட் சார்"னு ரெண்டையும் ஒரே மூச்சுல தள்ளிட்டாரு. ஸ்பிரிங்குக்கும் ஸ்கிரீனுக்கும் என்னங்க சம்பந்தம்? ரெண்டுக்கும் சேர்த்து மூவாயிரம் வெள்ளிக்கு மேல கேட்கிறாங்க.

டர்போ தம்பி:
விடாதீங்க அண்ணே! நீங்க போட்ட பொருளாலதான் கெட்டுச்சுன்னு அவங்கதான் நிரூபிக்கணும். அதுக்குச் சட்டமே இருக்கு, மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம், 1975ல வந்தது. அதை அப்படியே மெயில்ல போட்டு அனுப்புங்க, ஆடிப்போயிடுவாங்க.

ரிங் ஸ்பேனர்:
யாரும் ஆட மாட்டாங்க தம்பி. அது அமெரிக்கச் சட்டம். லெங் கீ ரோட்டு ஷோரூம்கள்ல அதை நீட்டினா சிரிப்பாங்க. யூடியூப்ல பார்க்கிற வீடியோ பாதி அங்கேருந்து வர்றதால எல்லாரும் இதையே சொல்றீங்க. இங்க உங்க கையில இருக்கிறது அந்த வாரண்டி புத்தகம். அதுல என்ன எழுதியிருக்கோ அதுதான் முதல்ல பேசும்.

நான் ஏஜென்ட் பட்டறையில சர்வீஸ் அட்வைசரா இருந்துட்டு இப்ப சின் மிங்ல சொந்தமா வேலை பார்க்கிறவன். ஜீவா, அப்சார்பரை மறந்துடுங்க. வண்டியை இறக்கினா அப்சார்பரோட ராடு எப்பவுமே உள்ள தள்ளித்தான் நிக்கும். மேடு பள்ளத்துக்கு அது ஓட வேண்டிய தூரம் குறைஞ்சு போகுது. கார் பார்க் ஹம்ப்ல ஏறி இறங்குறப்பல்லாம் பம்ப் ஸ்டாப்ங்கிற தடுப்புல போய் இடிக்கும். இடி விழ விழ சீல் தாங்காது, எண்ணெய் வெளிய வரும். இதை எந்த கம்பெனியும் கட்டாது, கட்டவும் கூடாது.

கிழக்குக்கரை அக்கா:
அப்சார்பர் சரி. ஸ்கிரீனுக்கு என்ன சொல்றீங்க? "வாரண்டி வாய்ட்"னு மொத்தமா சொல்ல அந்த அட்வைசருக்கு யார் அதிகாரம் குடுத்தது? நான் பார்த்த வாரண்டி புத்தகங்கள்ல "மாற்றியமைத்ததால் ஏற்பட்ட பழுதுக்குப் பொறுப்பில்லை"ங்கிற மாதிரிதான் இருக்கு. "ஏற்பட்ட" அங்க சும்மா நிக்கலை. காரை இறக்கினவனுக்கு ஏர்கான் கிடையாது, ஸ்கிரீன் கிடையாதுன்னு அதுக்குப் பொருள் இல்லை.

இன்னொண்ணு. 2017 டிசம்பர்ல நம்ம ஊர் போட்டித்தன்மை ஆணையம் விசாரிச்ச பிறகு, வெளிப்பட்டறையில சர்வீஸ் பண்ணாலே வாரண்டி போயிடும்ங்கிற நிபந்தனையைக் கார் விற்பனையாளர்கள் எடுத்துட்டாங்க. வெளிப்பட்டறை வேலையாலதான் பழுது வந்ததுன்னா மட்டும் மறுக்கலாம். ஜீவா அதையும் கேட்டுப் பாருங்க.

ரிங் ஸ்பேனர்:
அக்கா, அது சர்வீசுக்கும் ரிப்பேருக்கும். எண்ணெய் மாத்துறதும் ஸ்பிரிங் மாத்துறதும் ஒண்ணா? முதலாவது கம்பெனி சொன்ன வேலையை வேற ஆளை வச்சுச் செய்யறது. ரெண்டாவது கம்பெனி வடிவமைச்சதையே மாத்துறது. ரெண்டையும் ஒரே பையில போட்டா வாதம் நிக்காது.

கிழக்குக்கரை அக்கா:
ஒண்ணுன்னு நான் சொல்லலை. காரணம் காட்டணும்ங்கிற நியாயம் ரெண்டுக்கும் பொதுன்னுதான் சொல்றேன்.

பழைய கொரோலா:
கார் வச்சுக்கறதுக்கான உரிமம் சிஓஇ மட்டும் லட்சம் வெள்ளியைத் தாண்டின ஊர்ல, வாரண்டி முடியறவரைக்கும் ஒரு ஸ்பிரிங்கைச் சும்மா விட முடியலையா உங்களால?

டர்போ தம்பி:
அங்கிள், உங்க வண்டியில கெட்டுப்போக என்ன இருக்கு 😄

எங்கிட்ட மாத்தின எக்சாஸ்ட் இருக்கு, நிலப் போக்குவரத்து ஆணையத்தோட அனுமதியோட. அரசாங்கமே ஓகேன்னு சொன்னதை ஏஜென்ட் எப்படிக் குறை சொல்ல முடியும்?

ரிங் ஸ்பேனர்:
ஆணையம் பார்க்கிறது பாதுகாப்பு, சத்தம், புகை. உன் வண்டி கெட்டா யார் காசு கட்டறதுன்னு அவங்க பார்க்கிறதில்லை. கண்ணாடியில ஒட்டுற சோலார் ஃபிலிமும் அப்படித்தான். முன் கண்ணாடியில 70 சதவீதம், பின்னாடி 25 சதவீதம் வெளிச்சம் வந்தா சட்டத்துக்குப் போதும். ஆனா ஒட்டினவன் பின்கண்ணாடியோட சூடாக்குற கம்பியை பிளேடால கீறிட்டா அதுக்கு வாரண்டி வராது. பழைய ஃபிலிமை உரிக்கிறப்ப இது நிறைய நடக்கும்.

இப்ப ஸ்கிரீன். அக்கா ரொம்பச் சூடாயிட்டாங்க, ஆனா அட்வைசர் சொன்னதுல விஷயமே இல்லைன்னு சொல்ல முடியாது. பார்க்கிங் மோடுல டேஷ்கேம் 0.3 ஆம்பியர் இழுக்குதுன்னு வச்சுக்குங்க. ஒரு நாளைக்கு 7 ஆம்பியர் மணி நேரத்துக்கு மேல. வெள்ளிக்கிழமை ராத்திரி நிறுத்தி திங்கக்கிழமை காலையில எடுத்தா, 60 ஆம்பியர் மணி நேர பேட்டரியில கால் பங்குக்கு மேல போயிருக்கும். வோல்டேஜ் இறங்கினா இந்தக் காலத்துக் காருங்க முதல்ல கைவிடுறது ஸ்கிரீன் மாதிரி சாமான்களைத்தான். டேஷ்கேம் தானா அணையிற கட்-ஆஃப் எந்த வோல்டேஜ்ல வச்சிருக்கு ஜீவா? எந்த ஃபியூஸ்ல கோத்தாங்க?

ஜூரோங் ஜீவா:
கட்-ஆஃப் 12.2. எந்த ஃபியூஸ்னு தெரியலை. காக்கி புக்கிட் பட்டறையில போட்டது, நான் காப்பி குடிச்சுட்டு வர்றதுக்குள்ள முடிச்சிட்டாங்க. ஆனா வண்டி தினமும் ஓடுது, ஒரு தடவைகூட ஸ்டார்ட் ஆகாம நின்னதில்லை. அதோட ஷோரூம்லேயே "டேஷ்கேம், சோலார் ஃபிலிம் இலவசம்"னு போட்டுக் குடுக்கிறாங்களே, அவங்க போட்டா மட்டும் பேட்டரி இறங்காதா?

கிழக்குக்கரை அக்கா:
அப்படிக் கேளுங்க ஜீவா!

ஸ்பேனர் சார் சொன்ன கணக்கு சரி. ஆனா அது "இப்படி நடந்திருக்கலாம்"தானே. வோல்டேஜ் இறங்கியிருந்தா கண்ட்ரோல் யூனிட்ல அதுக்கான பழுதுக் குறியீடு, அந்தக் கோடு, பதிவாகியிருக்குமா இல்லையா? ஸ்கேன் பண்ணிப் பார்த்தாரா அந்த அட்வைசர்? கீழ எட்டிப் பார்த்து ஸ்கிரீன் கோளாறைக் கண்டுபிடிச்ச முதல் ஆள் அவராத்தான் இருப்பாரு.

ரிங் ஸ்பேனர்:
ஷோரூம்ல போட்டதுக்கு அவங்க பொறுப்பு, அதான் வித்தியாசம். ஆனா கோடு விஷயத்துல அக்கா சொல்றது சரி. குறைஞ்ச வோல்டேஜ் கோடு இருக்கும், பெரும்பாலும் எத்தனாவது கிலோமீட்டர்ல விழுந்ததுங்கிறதும் சேர்ந்தே இருக்கும். அது இல்லைன்னா டேஷ்கேம் மேல பழி போட முடியாது. யாரும் அழிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பிரிண்ட் அவுட்டைக் கேளுங்க.

அட்வைசர் ஏன் இப்படிப் பேசறாருன்னும் சொல்லிடறேன். வாரண்டி வேலைக்கு ஏஜென்ட்டுக்குக் காசு வர்றது தயாரிப்பாளர்கிட்டேருந்து. அவங்க ஆடிட் பண்ணுவாங்க, படம் கேட்பாங்க, கழட்டின பழைய பாகத்தைக் கேட்பாங்க. படத்துல வெளியில வாங்கின சிவப்பு ஸ்பிரிங் தெரிஞ்சா குடுத்த காசைத் திருப்பிப் பிடிச்சுக்குவாங்க. அதனால தகராறு வரும்னு தோணினாலே அட்வைசர் முதல்லயே வேண்டாம்னுடுவாரு. நியாயம்னு சொல்ல வரலை. ஆனா அவர் சொன்னதுதான் கடைசி முடிவுன்னு நினைக்காதீங்க. தயாரிப்பாளரோட வட்டார அலுவலகத்துக்கு எழுதலாம்.

டர்போ தம்பி:
இதுக்குத்தான் நான் சர்வீசுக்கு முன்னாடி ஈசியூ மேப்பை, அதான் இஞ்சின் கம்ப்யூட்டர்ல மாத்தின செட்டிங்கை, பழையபடி ஸ்டாக்குக்குத் திருப்பிடறேன். ஜீவா அண்ணனும் பழைய ஸ்பிரிங்கை மாட்டிட்டுப் போயிருக்கலாம்.

ரிங் ஸ்பேனர்:
மேப்பை எத்தனை தடவை எழுதினோம்னு பல ஈசியூ எண்ணி வச்சுக்கும். ஃபோக்ஸ்வேகன், ஆடி வண்டின்னா டிடி1னு ஒரு குறி. அது அவங்க சர்வர்ல உட்கார்ந்துடும், உன் லேப்டாப்பால அழிக்க முடியாது. அப்புறம் இஞ்சின், கியர்பாக்ஸ் கிளெய்ம்னு எந்த ஏஜென்ட்கிட்ட போனாலும் கண்ணுல படும். ஸ்பிரிங் கதையும் அதேதான். ஃபேக்டரி போல்ட்டுல பெயிண்ட் கோடு போட்டிருப்பாங்க, ஒரு தடவை திருகினாலே கோடு விலகிடும்.

கிழக்குக்கரை அக்கா:
அதோட அது பொய் சொல்றது. நம்ம பக்கம் இருக்கிற நல்ல வாதமும் அதுல அடிபட்டுடும். தம்பி, நீ மேப்பு மாத்தினதை இன்சூரன்ஸ்காரங்ககிட்ட சொன்னியா?

டர்போ தம்பி:
அது வேற டாபிக் அக்கா.

பழைய கொரோலா:
😂 ஏஜென்ட் வண்டிங்கிறதால இவ்வளவாவது பேசறீங்க. பிஐ, அதான் ஏஜென்ட் இல்லாம வேற ஆள் இறக்குமதி பண்ற வண்டின்னா, வாரண்டி குடுக்கிறது இறக்குமதி பண்ணவரோ, அவர் பிடிச்சுக் குடுத்த வாரண்டி கம்பெனியோ. அந்த விதியே வேற. மருமகனோட பிஐ வண்டியில அதை முழுசாப் படிச்சுப் பார்த்து நொந்துட்டேன்.

கிழக்குக்கரை அக்கா:
ஜீவா, பழுதான பொருளை வித்தவர்கிட்ட கேட்கிற லெமன் சட்டத்தை இதுல இழுக்காதீங்க. பழுது ஒப்படைக்கிறப்பவே இருந்ததுன்னு எடுத்துக்கிற காலம் ஆறு மாசம்தான், நீங்க அதைத் தாண்டிட்டீங்க. மறுப்பை எழுத்துல கேளுங்க, அப்சார்பருக்கு ஒண்ணு, ஸ்கிரீனுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா, காரணத்தோட. எழுத மாட்டேன்னு சொன்னா பயனீட்டாளர் சங்கத்துக்கிட்ட (CASE) போங்க. அங்கேயும் மசியலைன்னா சின்னத் தொகை வழக்கைப் பார்க்கிற ஸ்மால் கிளெய்ம்ஸ் தீர்ப்பாயம். 20,000 வெள்ளி வரைக்கும் எடுத்துப்பாங்க, வக்கீல் கிடையாது, உங்க தொகைக்குக் கட்டணம் பத்து வெள்ளி. பிரச்சினை எழுந்ததிலிருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

ஜூரோங் ஜீவா:
ஸ்கிரீனுக்கு இன்னைக்கே எழுதறேன். ஆனா அப்சார்பரையும் விடறதா இல்லை. நாலு சக்கரத்துலயும் ஒரே ஸ்பிரிங், ஒரே ஹம்ப். கசியறது ஒண்ணே ஒண்ணு. என் ஸ்பிரிங்தான் காரணம்னா மத்த மூணு ஏன் காய்ஞ்சு கிடக்கு?

ரிங் ஸ்பேனர்:
நல்ல கேள்வி, ஆனா வாயால முடியற கேள்வி இல்லை. எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே சுமையும் இல்லை. அந்த இடது பக்கத்தைக் கழட்டி பம்ப் ஸ்டாப்பைப் பாருங்க. நசுங்கி ஓரம் கிழிஞ்சிருந்தா பேசாம காசைக் கட்டுங்க. புதுசு மாதிரி முழுசா இருந்தா இடியே விழலைன்னு அர்த்தம், சீல் தானா போயிருக்கு, அப்ப நானே உங்க பக்கம் எழுதறேன். ஏஜென்ட் கழட்டினாலும் சரி, கூட நின்னு படம் எடுத்து இங்க போடுங்க.