வேலூருக்குக் குடிபெயர விருப்பம்: வேலை தேடலையும் மாரத்தான் பயிற்சியையும் எப்படிச் சேர்த்து நடத்துவது?

கேள்வி: நொய்யல்கரை (கோயம்புத்தூர்)

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு வேலூரில் உள்ள கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் பணி கிடைத்து, இந்த ஜூன் மாதத்தில் அவர் அங்கே சேர்ந்துவிட்டார். இப்போதைக்கு ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். நான் கோவையில் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றுகிறேன். வார்ப்புகளின் அளவுகளைச் சரிபார்ப்பதும், நீரழுத்தச் சோதனையும், இம்பெல்லர் என்னும் சுழலும் சக்கரத்தின் எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும்படி சரிசெய்யும் பேலன்சிங்கும் என் அன்றாட வேலைகள். வேலூரில் வேலை உறுதியான பின்னரே இங்கே ராஜினாமாக் கடிதம் கொடுப்பது என்று வீட்டில் பேசி முடிவு செய்திருக்கிறோம். கொடுத்த பிறகு இரண்டு மாத நோட்டீஸ் காலம் உண்டு. இது இரண்டொரு ஆண்டுகளுக்கான ஏற்பாடு அன்று. வேலூரிலேயே வேரூன்ற வேண்டும் என்பது எங்கள் இருவரின் விருப்பம்.

வரும் ஜனவரியில் சென்னை மாரத்தானில் முழுத் தொலைவான 42.195 கிலோமீட்டரை ஓடி முடிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அரை மாரத்தான் ஓடிய அனுபவம் இருக்கிறது. முழு மாரத்தான் இதுவே முதல் முறை. இங்கே ரேஸ்கோர்ஸ் சுற்றுப்பாதையில் விடியற்காலையிலேயே பெண்கள் பலர் நடப்பதாலும் ஓடுவதாலும் எனக்கு எந்த அச்சமும் இருந்ததில்லை. வேலூர் வெயிலைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள்.

என்னைப் போன்ற அனுபவம் உள்ளவர்களுக்கு வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் எத்தகைய நிறுவனங்களில் வாய்ப்பு உண்டு, கோவையில் இருந்துகொண்டே அதை எப்படித் தேடுவது, நேர்காணலுக்கான பயணங்களுக்கு நடுவில் பயிற்சி குலையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, அல்லது மாரத்தானை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதுதான் அறிவா என்பதை அந்தப் பகுதியில் வாழ்பவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: சிப்காட்வாசி (ராணிப்பேட்டை)

வணக்கம் சகோதரி. இங்குள்ள பொறியியல் தொழிற்கூடம் ஒன்றில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில், உங்கள் சுயவிவரத்தில் 'பம்ப்' என்ற சொல்லே மேலோங்கி நின்றால் இங்கே பலர் அதை ஒதுக்கி வைத்துவிடுவார்கள், ஏனென்றால் இது பம்ப் ஊர் அன்று. ராணிப்பேட்டையில் உள்ள பெல் நிறுவனத்தின் ஆலை, அனல் மின்நிலையக் கொதிகலன்களுக்குத் துணையான பெரிய விசிறிகள், காற்றுச் சூடேற்றிகள், புகையில் உள்ள சாம்பலைப் பிரித்தெடுக்கும் மின்நிலை வீழ்படிவிகள் போன்றவற்றைச் செய்கிறது. அதற்கு உதிரி பாகங்கள் செய்து கொடுப்பதற்காகவே சிப்காட் வளாகத்திலும் அதைச் சுற்றியும் ஃபேப்ரிகேஷன் கூடங்கள் வளர்ந்தன. பெரிய விசிறியின் இம்பெல்லரைப் பேலன்ஸ் செய்வதற்கும் நீங்கள் பம்ப் இம்பெல்லரைப் பேலன்ஸ் செய்வதற்கும் அடிப்படை ஒன்றுதான். ஏற்கத்தக்க சமனின்மையின் அளவை இரண்டு இடத்திலும் ஐஎஸ்ஓ 21940 தரநிலையைக் கொண்டே முடிவு செய்கிறார்கள். அதை உங்கள் சுயவிவரத்தின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். வெல்டிங் ஆய்வில் அனுபவம் இல்லையென்றால், பொருளைச் சிதைக்காமல் அதில் உள்ள குறைகளைக் கண்டறியும் சாய ஊடுருவல் சோதனை, காந்தத் துகள் சோதனை, மீயொலிச் சோதனை ஆகியவற்றில் இரண்டாம் நிலைச் சான்றிதழ் பெறும் குறுகிய காலப் பயிற்சிகள் கோவையிலேயே கிடைக்கும். நோட்டீஸ் காலத்திற்கு முன்பே ஒன்றையாவது முடித்துவிட்டால் உங்கள் மதிப்பு கூடும். பெல் நிறுவனத்தின் நேரடி நியமனம் அகில இந்திய அளவிலான தேர்வுகள் வழியாக நடப்பது. அதற்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது வழி தோல் துறை. மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களில் தோல் பதனிடும் ஆலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் நிறைய இருக்கின்றன. காலணித் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருமளவில் பணிபுரிகிறார்கள். ஐரோப்பாவுக்கு அனுப்பும் தோல் பொருள்களில் ஆறிணைதிறக் குரோமியம் என்னும் நச்சு வடிவக் குரோமியம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்ற விதி 2015 மே முதல் நடைமுறையில் இருப்பதால், சோதனை ஆவணங்களைப் பிழையின்றிப் பராமரிக்கத் தெரிந்தவர்களுக்கு அங்கே தேவை குறையவே இல்லை. துறை புதிதாக இருந்தாலும், தணிக்கைக்கு வருபவரின் கேள்விகளுக்குப் பதறாமல் பதில் சொல்லும் பழக்கம் உங்களுக்கு இருக்கும் அல்லவா, அதற்கு எங்கும் விலை உண்டு. ஆம்பூர் வேலூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். காட்பாடியிலிருந்து ரயிலில் தினமும் போய்வருபவர்கள் இருக்கிறார்கள். பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட செய்தியைப் பார்த்துப் பலர் அங்கேயே கண்ணாக இருக்கிறார்கள். அது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருந்தாலும் வேலூரிலிருந்து அன்றாடம் போய்வரத் தொலைவுதான்.

தேடும்போது ஒன்றை மறக்க வேண்டாம். பழைய வேலூர் மாவட்டம் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்துவிட்டதால், வேலைவாய்ப்பு மையங்கள் நடத்தும் தனியார் துறை முகாம்களும் மாவட்டவாரியாகவே அறிவிக்கப்படுகின்றன. வேலூர் அறிவிப்பை மட்டும் பார்ப்பவர்களுக்கு ராணிப்பேட்டை முகாம் தெரியாமலே போய்விடும். அரசின் தனியார் வேலை இணையதளத்தில் மூன்று மாவட்டங்களையும் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் எவரிடமும் பேச்சையே வளர்க்காதீர்கள்.

வெளியூர் விண்ணப்பங்களைப் பார்க்கும்போது எங்களுக்கு எழும் முதல் ஐயம், இவர் உண்மையிலேயே வந்து தங்குவாரா, ஆறு மாதத்தில் சொந்த ஊருக்குத் திரும்பிவிடுவாரா என்பதுதான். 'கணவர் வேலூரில் பணியில் இருக்கிறார், குடும்பமாக இங்கேயே குடியேறுகிறோம்' என்ற ஒரு வரி அந்த ஐயத்தைப் போக்கிவிடும். அதேபோல, சம்பளத்தைப் பேசி முடிக்கும் முன்பே ஷிப்ட் நேரத்தையும், கம்பெனி பஸ் எந்த நிறுத்தத்திற்கு எத்தனை மணிக்கு வரும் என்பதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சுழற்சி ஷிப்ட் என்றால் நீங்கள் சொல்லும் பயிற்சி எதுவும் நடக்காது. ஜெனரல் ஷிப்ட் கேட்பதில் தவறேதும் இல்லை.

பதில் 2: விடியல்_ஓட்டம் (காட்பாடி)

அக்கா, நான் காட்பாடியில் ஆசிரியையாக இருக்கிறேன். முழு மாரத்தான் ஓடியவள். தயவுசெய்து இப்போதே தள்ளிவைக்காதீர்கள். நாள்காட்டியை எடுத்துப் பாருங்கள். சென்னை மாரத்தான் வழக்கமாக ஜனவரித் தொடக்கத்தில் நடக்கிறது. முதல் முழு மாரத்தானுக்கு 18 வாரத் திட்டம் போதும் என்று வைத்துக்கொண்டால், அது செப்டம்பர் முதல் வாரத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே ஜூன், ஜூலை, ஆகஸ்ட் ஆகிய மூன்று மாதங்களும் அடித்தளத்துக்கான காலம். உங்கள் வேலை தேடலும் அதே மூன்று மாதங்களில்தான் மும்முரமாக இருக்கப்போகிறது. அந்தக் காலத்தில் மெதுவான ஓட்டங்கள் ஒன்றிரண்டு விட்டுப்போனாலும் பெரிய இழப்பில்லை. செப்டம்பர் இறுதியில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அப்போதும் வேலை கிடைக்கவில்லை, அல்லது புதிய வேலையின் தொடக்க வாரங்கள் உங்களை முழுமையாக இழுத்துக்கொள்கின்றன என்றால், அதே நிகழ்வில் 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர் பிரிவும் உண்டு. முழுமைக்கும் பாதிக்கும் நடுவில் மதிப்பான ஓர் இலக்கு அது.

வெயிலைப் பற்றிச் சொல்பவர்கள் மிகைப்படுத்தவில்லை. கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருக்கிறது, பாலக்காட்டுக் கணவாயின் காற்றும் அதற்கு உண்டு. எங்களுக்கு அந்த இரண்டும் இல்லை. சுற்றிலும் பாறைக் குன்றுகள், ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் பாலாறு, இரவிலும் தணியாத வெக்கை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே அன்று. ஆனால் உடல் பழகிக்கொள்ளும். வெப்பத்தில் தொடர்ந்து ஓடினால் 10 முதல் 14 நாள்களில் வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்கி, இதயத் துடிப்பும் அடங்கிவரும். அந்த இரண்டு வாரங்களும் கைக்கடிகாரம் காட்டும் வேகத்தைப் பார்க்காமல், பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்பதை மட்டும் பாருங்கள். ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் ஒரு கிலோ குறைவுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் வெளியேறியது என்று கணக்கு வைக்கலாம். நீண்ட ஓட்டத்தில் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். உப்பிட்ட நீர்மோரை விடச் சிறந்த ஒன்றை வீடு திரும்பியதும் குடிக்க நான் இதுவரை கண்டதில்லை.

ஓடும் இடங்கள்: வேலூர்க் கோட்டைப் பகுதியில் விடியற்காலையில் நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் இருப்பதால் தனியாகச் செல்லும் பெண்ணுக்கும் அங்கே தயக்கம் வேண்டாம். காட்பாடி காந்தி நகரின் குறுக்குத் தெருக்கள் வார நாள் ஓட்டத்திற்குப் போதும். லாங் ரன்னுக்கு வள்ளிமலை செல்லும் சாலை எனக்குப் பிடிக்கும். ஏற்றம் வேண்டுமென்றால் ஜவ்வாது மலை அடிவாரத்தில் உள்ள அமிர்தி நோக்கிச் செல்லும் சாலை. இந்த இரண்டிலும் தனியாகப் போக வேண்டாம். இருட்டில் ஒளிரும் மேற்சட்டை அணிந்து, எந்த வழியில் போகிறீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டு, இன்னும் ஒருவரோடாவது செல்லுங்கள். பெங்களூரு நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஓடவே வேண்டாம். நாய்கள் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள்.

பதில் 3: தசைநார் (வேலூர்)

நான் பிசியோதெரபிஸ்ட். மேலே சகோதரி சொன்ன வெப்பக் குறிப்புகள் சரியானவை. ஆனால் செப்டம்பர் இறுதி என்ற ஒரு தேதியை மட்டும் வைத்து முடிவு செய்வதை நான் ஏற்கவில்லை. ஓட்டக்காரர்கள் காயப்படுவது பெரும்பாலும் கிலோமீட்டர் கூடியதால் மட்டும் அன்று. தூக்கம் குறைந்த வாரத்திலும் கிலோமீட்டரைக் குறைக்காமல் ஓடுவதால்தான். இரவு ரயிலில் வந்து, நேர்காணல் முடித்து, மறு இரவு திரும்பி, அடுத்த நாள் காலையில் 24 கிலோமீட்டர் ஓடுவது என்ற திட்டம் தாளில் அழகாக இருக்கும், கெண்டைக்கால் தசை அதை ஏற்காது.

எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக்கூடாது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 1980களில் ஹிக்சன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், வாரம் ஆறு நாள் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களிடம் நாள்களின் எண்ணிக்கையை, நேர அளவை, தீவிரத்தைத் தனித்தனியே குறைத்துப் பார்த்தார்கள். தீவிரத்தைக் குறைக்காதவரை, வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்தபோதும், உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் 15 வாரங்கள் வரை நின்றது. தீவிரத்தைக் குறைத்தபோதுதான் சரிந்தது. ஆகவே பயணம் உள்ள வாரத்தில் சற்றுக் கடினமான வேகத்தைச் சீராகத் தொடரும் ஒரு டெம்போ ஓட்டத்தையும், தூரம் குறைத்த ஒரு லாங் ரன்னையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மனச்சங்கடம் இல்லாமல் விட்டுவிடலாம். ஆனால் நீண்ட நேரம் தாங்கும் திறன் அந்த உச்சத்திறனோடு ஒன்றாகவே நிற்கும் என்று எண்ண வேண்டாம். அதற்கு லாங் ரன் கட்டாயம் வேண்டும். செப்டம்பருக்குப் பிறகு தொடர்ந்து இரண்டு வாரம் லாங் ரன் விட்டுப்போனால், எந்தத் தேதியாக இருந்தாலும் அன்றே 32 கிலோமீட்டர் பிரிவுக்கு மாறுங்கள். பயிற்சி தொடங்கும் முன் ஒருமுறை ஹீமோகுளோபின், உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரண்டையும் பார்த்துவிடுவதும் நல்லது. காரணமில்லாத களைப்போடு என்னிடம் வரும் பெண் ஓட்டக்காரர்களிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

நொய்யல்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சேரன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடிவதற்கு முன்பே காட்பாடியில் இறங்கிவிடலாம் என்பதால் அதையே நம்பியிருந்தேன். தசைநார் ஐயா சொன்னதைப் படித்த பிறகு, நேர்காணல்களை வெள்ளி, சனியில் சேர்த்துக் கேட்டு, ஞாயிறு லாங் ரன்னை அடுத்த வார நடுப்பகுதிக்கு மாற்றிக்கொள்ள முடிவு செய்திருக்கிறேன். இரண்டு வார அளவுகோலையும் எழுதி ஒட்டிவிட்டேன். சுயவிவரத்தைப் பேலன்சிங் அனுபவத்தை முன்னிறுத்தித் திருத்திவிட்டேன். இன்னும் ஒரே ஒரு கேள்வி: கணவர் இப்போதே வீடு பார்க்கத் தொடங்கியிருக்கிறார். சத்துவாச்சாரியா, காட்பாடியா?

சிப்காட்வாசி:

சகோதரி, பணி ஆணை கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். மேல்விஷாரம், ஆற்காடு பக்கம் வேலை அமைந்தால் சத்துவாச்சாரி வசதி. நெடுஞ்சாலையில் வரும் கம்பெனி பஸ்கள் ரத்தினகிரி வழியாக நேராகப் போய்விடும். பெல், சிப்காட் பக்கம் என்றால் காட்பாடிதான் மேல், ஏனென்றால் பாலாற்றைக் கடக்காமலேயே திருவலம் வழியாகப் போய்ச் சேரலாம். ஆம்பூர் என்றாலும் ரயிலுக்குக் காட்பாடியே. மூன்றில் இரண்டு வாய்ப்புக்குக் காட்பாடி பொருந்துவதால், பார்க்கும் வீடுகளை அங்கே பார்த்து வைக்கட்டும். மாடியில் கடைசித் தளம் மட்டும் வேண்டாம், எங்கள் ஊர்க் கோடையில் அந்தத் தளத்தில் இரவில் உறங்க முடியாது.