ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனத்தை விட்டு அகலாத ஒரு நாள்: அனுபவப் பகிர்வு

வைகைக்கரை
அம்மாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருப்பதால் மாதம் தவறாமல் எங்கள் ஊர் நிலையத்துக்கு அழைத்துப் போகிறேன். மெட்ஃபார்மினும் அம்லோடிபினும் ஒரு மாதத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை. அன்று வரிசை வாசல் வேப்பமரம் வரை நீண்டிருந்தது. எங்கள் முறை வந்ததும் அம்மா முக்காலியில் உட்கார்ந்து, சேலைக் கரையை ஒரு சாண் உயர்த்தி, வலது காலை முன்னால் நீட்டினார். பெருவிரலுக்கு அடியில் செருப்பு கடித்த கொப்புளம் நான்கு நாட்களாக ஆறாமல் இருந்தது. மருத்துவர் நோட்டைத் திறந்து பழைய மாத்திரைகளையே எழுதி, தலையை நிமிர்த்தாமல் "அடுத்து" என்றார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தவர், பின்னால் நின்ற கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, கரையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார். அந்தக் கொப்புளம் புண்ணாகி, நகரத்து அரசு மருத்துவமனையில் 23 நாட்கள் கட்டு மாற்ற வேண்டியதாயிற்று. புண் ஆறிவிட்டது. அந்தக் கரை இறங்கிய காட்சிதான் கண்ணை விட்டுப் போகவில்லை.

இருபிள்ளைத்தாய்
எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறானது, ஆனாலும் உறுத்துகிறது. இரண்டாவது பிரசவம், நள்ளிரவு தாண்டி வலி எடுத்தது, 108 வண்டியில் போய்ச் சேர்ந்தோம். பணியில் இருந்த செவிலியர் ஒருவர்தான். விடியும்வரை என் இடுப்பைத் தேய்த்துவிட்டு, தன் பிளாஸ்க்கிலிருந்த வெந்நீரையே எனக்கு ஊற்றிக் கொடுத்தார். பெற்ற தாய்கூட அப்படிப் பார்த்திருப்பாரா தெரியாது. குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே போன பணியாளர் மட்டும், 500 ரூபாய் கைக்கு வரும்வரை அதை என் மாமியாரிடம் கொடுக்கவில்லை. 48 மணி நேரம் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது, சேவையில் திருப்தியா என்று கேட்கும் படிவம் ஒன்றை நீட்டினார்கள். கேள்விகளை வாசித்துக் காட்டியவர் அதே செவிலியர். பணம் கேட்டார்களா என்ற கேள்வி வந்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "இல்லை" என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் அந்த நல்ல மனுஷிக்குத்தான் கெட்ட பெயர் வரும் என்று அப்போது தோன்றியது.

காலைநடை
வைகைக்கரை அவர்களே, கோபித்துக்கொள்ள வேண்டாம். அம்மா வாய் திறக்கவில்லை என்றால் பக்கத்தில் நின்ற நீங்கள் திறந்திருக்கலாமே? ஒரே மருத்துவர் காலையில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பார்க்கும் இடத்தில், நாம் சொல்லாததை அவர் எப்படி அறிவார்? என்னை நாய் கடித்தபோது, நுழைந்ததுமே "நாய்க்கடி, இரத்தம் வந்தது" என்று உரக்கச் சொன்னேன். வரிசையில் நிற்கவிடாமல் உள்ளே அழைத்துக் குழாயடியில் நிறுத்தினார்கள். என் கதை அவ்வளவுதான்.

எல்லோருக்கும் பயன்படும் என்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். நாய் கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ மிளகாய்த்தூளோ வைக்கக் கூடாது. இரு புஜங்களிலும் தோலுக்குள் போடும் தடுப்பூசிக்கு 0, 3, 7, 28 என்று நாள் கணக்கு உண்டு, மூன்றாவதோடு நின்றுவிடாதீர்கள். கடி ஆழமாக இருந்தால் புண்ணைச் சுற்றியும் ஒரு மருந்து செலுத்த வேண்டும். அது அங்கே இல்லையென்றால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும்போது முணுமுணுக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் இரவு படுக்கும் முன் பாதத்தைத் தாங்களே பார்க்க வேண்டும், வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது, பாதத்தை உறுத்தாத மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் கொடுங்கள். குறை இருந்தால் சுகாதார உதவி எண்ணான 104க்கு அழைக்கலாம், முதல்வரின் உதவி மையத்துக்கு 1100.

வைகைக்கரை
செருப்பு வாங்கிவிட்டேன், ஐயா. நான் ஏன் பேசவில்லை என்பதுதான் என் கேள்வியும். பள்ளியில் தலைமை ஆசிரியர் முன்னால் நிற்பது போலவே அங்கேயும் நின்றிருக்கிறேன்.

பழைய ஜன்னல்
நான் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளே 27 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்தவன். காலைநடை அவர்கள் சொல்வது பாதிதான் சரி. சொன்னால் கேட்பார்கள் என்பது சொல்லத் தெரிந்தவர்களுக்குப் பொருந்தும். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்த பிறகு, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக், அதில் எழுதிய தொகைக்கு மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து என்று ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. மாத்திரை இல்லை என்று கைவிரிக்கும் நாட்கள் வெகுவாகக் குறைந்தன. மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லும் நேரம் மட்டும் எந்தக் கிடங்கிலிருந்தும் வரவில்லை. அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கும்போது காலாவதித் தேதி ஒருவர் துண்டிலும் மருந்தின் பெயர் இன்னொருவர் துண்டிலுமாகப் போய்விடும். எழுத்தறியாதவர்களுக்காக, காலை மாத்திரை அட்டையின் மூலையில் ஒரு வெட்டும் இரவு அட்டையில் இரண்டு வெட்டும் போட்டுக் கொடுப்பேன். ஒரு பாட்டி இரண்டு மாதம் கழித்து வந்து, "நடுவுல ஒரு பொம்பளப் புள்ள இருந்துச்சே, அது வெட்டுப் போடலயே சாமி, எதை எப்பத் திங்கிறதுன்னு தெரியாம வச்சிருந்தேன்" என்று மடியை அவிழ்த்தார். நான் விடுப்பில் இருந்த மாதத்து மாத்திரைகள் அத்தனையும் அப்படியே இருந்தன. புதிதாக வந்த பெண்ணிடம் வெட்டு விவரத்தைச் சொல்லாமல் விடுப்பில் போனவன் நான்தான்.

செம்மண்
வீட்டுக்கே மாத்திரை வரும் காலத்திலும் கதை மாறவில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு, அப்பா அந்த வரிசையில் நிற்பதில்லை. தன்னார்வலராக வரும் பெண் திண்ணையில் அமர்ந்து, சாப்பிட்டாரா, தூங்கினாரா என்றெல்லாம் விசாரிப்பார். மருத்துவர்கூட அவ்வளவு கேட்டதில்லை. ஒரு மாதம் இரத்த அழுத்தக் கருவியை அப்பாவின் கையில் கட்டினார், அது ஓடவில்லை. மின்கலம் தீர்ந்திருக்கிறது. நான் ரிமோட்டில் இருந்ததைக் கழற்றிக் கொண்டுவருவதற்குள், "போன மாதம் 140க்கு 90, அதையே எழுதிக்கட்டுமா அப்பா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா "எழுதிக்கம்மா, வெயில்ல எவ்வளவு தூரம் நடந்து வர்ற" என்று சொல்லி, உள்ளே திரும்பி மோர் கொண்டுவரச் சொன்னார். நான் மின்கலத்தோடு நிலைப்படியில் நின்றேன். அட்டையில் மை காயாமல் இருந்தது.