டேர்ம் ஷீட்டில் கையெழுத்து: பார்ட்னரை நம்பியா, பத்திரத்தை நம்பியா?

வைகைக்கரையான்:
மதுரையில் கம்பெனி தொடங்குறவங்க விசி (வென்ச்சர் கேப்பிடல், அதாவது வளர்ற கம்பெனியில பங்கு வாங்கிட்டுப் போடுற முதலீடு) பணத்துக்குச் சென்னை, பெங்களூருன்னு போறாங்க. டேர்ம் ஷீட்டுல (முதலீட்டு நிபந்தனைகளை எழுதுற பத்திரம்) கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஃபண்டோட பேரைத்தான் பார்க்குறாங்க. பார்க்க வேண்டியது பார்ட்னரை, அதாவது அந்த ஃபண்டுல உங்க முதலீட்டைக் கவனிக்குற ஆளை. போர்டுல வந்து உட்காரப்போறது அவர்தான். அடுத்த ரவுண்டுல பணம் போடலாமான்னு உள்ளே பேச்சு வரும்போது உங்களுக்காக வாதாடுறதும் அவர்தான். அவர் விலகிப்போனா, அந்த ஃபண்டுல உங்களைக் கேட்க நாதி இருக்காது. அவர் பணம் போட்டு, மூடிப்போன கம்பெனிக்காரங்க ரெண்டு பேரைத் தேடிப்பிடிச்சு விசாரிங்க. ஜெயிச்சவங்க எப்படியும் நல்லதாத்தான் சொல்வாங்க.

கணக்குப்பிள்ளை:
அண்ணே, விசாரிக்கச் சொன்னது சரி. மத்ததை ஏத்துக்க முடியல. நல்ல மனுஷன் இன்னைக்கு இருப்பார், நாளைக்கு வேற ஃபண்டுக்குப் போவார். பத்திரம் அப்படியே இருக்கும்.

ப்ரீ-மணி (முதலீட்டுக்கு முந்தைய கம்பெனி மதிப்பு) 12 கோடி, முதலீடு 4 கோடி, ஆக 16 கோடி. அவங்க பங்கு 25 சதவீதம். பிறகு கம்பெனி 10 கோடிக்குத்தான் விலைபோகுதுன்னு வைங்க. விக்கிறப்ப முதலீட்டாளர் முதல்ல எடுத்துக்குற உரிமைதான் லிக்விடேஷன் ப்ரிஃபரன்ஸ். அது 1எக்ஸ் (போட்ட பணத்தோட ஒரு மடங்கு), நான்-பார்ட்டிசிபேட்டிங்னா (அதை எடுத்தா மிச்சத்துல பங்கு கிடையாது) அவங்களுக்கு 4 கோடி, மத்தவங்களுக்கு 6. 'பார்ட்டிசிபேட்டிங்'னு இருந்தா முதல்ல 4 கோடி, மிச்சம் 6 கோடியில கால் பங்கும் சேர்ந்து 5.5. அதுவே 2எக்ஸ் பார்ட்டிசிபேட்டிங்னா 8.5 கோடி அவங்களுக்கு, மிஞ்சுறது ஒன்றரைக் கோடி. பார்ட்னர் குணத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஈசாப் பூலையும் (ஊழியர்களுக்குன்னு ஒதுக்குற பங்குகள்) பாருங்க. முதலீட்டுக்குப் பிந்தைய பங்குகள்ல 10 சதவீதத்தை ப்ரீ-மணிக்குள்ளேயே ஒதுக்கச் சொன்னா, 16 கோடியில 1.6 கோடி உங்க பக்கமிருந்து போகுது. 12 கோடின்னு எழுதியிருந்தாலும் உங்க மதிப்பு 10.4 தான்.

வைகைக்கரையான்:
கணக்குல குத்தம் சொல்லல தம்பி. ஆனா கம்பெனியை விக்கணுமா வேண்டாமான்னு வர்ற இழுபறிக்கு ஃபண்டோட கணக்குதான் காரணம். 200 கோடி ஃபண்டுன்னா நிர்வாகக் கட்டணம் வழக்கமா 2 சதவீதம், வருஷத்துக்கு 4 கோடி. லாபத்துல 20 சதவீதம் கேரி, அதாவது ஃபண்டை நடத்துறவங்களோட பங்கு. அதுவும் ஃபண்டுக்குப் பணம் கொடுத்த முதலீட்டாளர்களுக்கு முதலும், பேசின குறைந்தபட்ச வருமானமும் போனபிறகுதான். உங்க கம்பெனியை 40 கோடிக்கு ஒருத்தர் கேட்டா அந்த 25 சதவீதத்துக்கு ஃபண்டுக்கு வர்றது 10 கோடி, 200 கோடி ஃபண்டுல இருபதுல ஒரு பங்கு. பார்ட்னருக்கு அது பத்தாது, இன்னும் வளர்க்கலாம்பார். மிச்சம் 30 கோடி, அண்ணா நகர்ல வாடகைக் கட்டடத்துல இருக்குற நிறுவனர்களுக்கு வாழ்க்கையே மாறுற தொகை.

ஃபண்டுக்கு வயசாகியிருந்தா இது தலைகீழாகும். பங்குச்சந்தையைக் கண்காணிக்குற செபியின் 2012 ஏஐஎஃப் (மாற்று முதலீட்டு நிதி) விதிப்படி விசி ஃபண்ட் காலவரையறை உள்ளது. நீட்டிக்கணும்னா மூன்றில் இரண்டு பங்கு மதிப்புள்ள முதலீட்டாளர்கள் ஒத்துக்கணும், அதுவும் 2 வருஷம் வரைதான். முடியப்போற ஃபண்டு கிடைச்ச விலைக்கு விக்கச் சொல்லும். அதனால ஃபண்டு எப்ப மூடுது, அடுத்த ரவுண்டுக்கு எவ்வளவு ஒதுக்கி வச்சிருக்கீங்கன்னு பார்ட்னர்கிட்ட நேராவே கேளுங்க.

கப்பலூர் பட்டறை:
ரெண்டு பேரும் விசி பணம் வாங்கியே ஆகணும்ங்கற மாதிரிப் பேசுறீங்க. மெஷின் வாங்கி, மூணு வருஷத்துல அதோட விலையை எடுக்குற தொழிலுக்கு இது எதுக்கு? சிறுதொழில் கடனுக்கான சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத்துல பிணையில்லாம வங்கிக்கடன் இருக்கு. புது யோசனைன்னா தமிழக அரசோட ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு தர்ற டான்சீட் தொடக்க நிதி இருக்கு. அந்த அமைப்புக்கு மதுரையிலேயே வட்டார மையம் இருக்கு. சாஃப்ட்வேர் கம்பெனிகளையே எடுத்துக்குங்க: வெளி முதலீடே வாங்காம ஜோஹோ வளர்ந்துச்சு. விசி பணத்துல வளர்ந்து ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021-ல அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக் போச்சு. தொழிலோட வேகத்தைப் பார்த்து முடிவெடுங்க.

கணக்குப்பிள்ளை:
பட்டறை சார் சொன்னதை ஒத்துக்கறேன். கடனைக் கட்டுற அளவுக்கு மாசாமாசம் வரவு இருந்தா விசி வேண்டாம்.

வைகை அண்ணனோட கவலைக்கும் பத்திரத்துலதான் மருந்து. முதலீட்டாளர் சார்பா போர்டுக்கு வர்ற நாமினியை மாத்தினா நிறுவனர் சம்மதம் வேணும்னு எழுதி வாங்குங்க. இத்தனை கோடிக்கு மேல விலை வந்தா முதலீட்டாளர் தடுக்கக்கூடாதுன்னு ஒரு தொகையும் போடுங்க. ஷேர்ஹோல்டர்ஸ் அக்ரிமென்ட்ல (பங்குதாரர் ஒப்பந்தம்) இருந்தா மட்டும் போதாது, ஆர்ட்டிகிள்ஸ்லயும் (கம்பெனியோட உள்விதிகள்) ஏத்தணும்.

பலரும் சறுக்குற இடம் இன்னொண்ணு. ப்ரைவேட் ப்ளேஸ்மென்ட்ல (குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் பங்கு கொடுக்குறது) பணம் வந்த 60 நாளுக்குள்ள பங்கு ஒதுக்கணும், ஒதுக்கின 15 நாளுக்குள்ள பாஸ்-3 (பங்கு ஒதுக்கீட்டு அறிக்கைப் படிவம்) தாக்கல் பண்ணணும். அது வரைக்கும் தனிக் கணக்குல இருக்குற அந்தப் பணத்துல சம்பளம்கூடப் போடக்கூடாது.