'க்ளீவ்': ஒரே வினையா, ரெண்டு வினையா?

ஏட்டுப்பூச்சி:
நேத்து ஒரு வீடியோல இங்கிலீஷ் 'க்ளீவ்' (cleave) பத்தி பேசுனாங்க. பிளக்குறதுக்கும் அதே சொல், ஒட்டிக்கிறதுக்கும் அதே சொல், அதனால ஒரு வினை தன் அர்த்தத்துக்கே எதிரா மாறிடுச்சாம். தப்புங்க. அது எப்பவும் ரெண்டு வினை. பழைய ஆங்கிலத்துல பிளக்குறது 'க்ளேயோவன்', ஒட்டுறது 'க்ளிவியன்'. காலப்போக்குல உயிரொலி மாறி மாறி ரெண்டும் ஒரே உச்சரிப்புல வந்து நின்னுடுச்சு, அவ்ளோதான். ஜெர்மன்ல இன்னும் பிரிஞ்சுதான் இருக்கு, ஒட்டுறது 'க்ளேபன்', பவேரியா ஆஸ்திரியா பக்கம் விறகு பிளக்குறது 'க்ளீபன்'.

தெருவிளக்கு:
ப்ரோ, வேர் ரெண்டுங்கிறது சரி. ஆனா பேசுறவன் வேரை வச்சா பேசுறான்? 1611ல வந்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, கிங் ஜேம்ஸ் பைபிள் எடுங்க. ஆதியாகமம் 22:3ல ஆபிரகாம் பலிக்கு கட்டை பிளக்குறாரு, அங்க இறந்தகாலம் 'க்ளேவ்'. ரூத் 1:14ல ரூத் மாமியார விடாம பிடிச்சுக்குறா, அங்கயும் அதே 'க்ளேவ்'. ரெண்டு வினைன்னா எப்படி ஒரே இறந்தகால வடிவம் வருது, மக்கள் மனசுல அது ஏற்கனவே ஒண்ணாயிடுச்சுன்னுதான அர்த்தம்?

ஏட்டுப்பூச்சி:
நல்ல உதாரணம், ஆனா பாதிதான். ஒட்டுற வினைக்கு முறைப்படி 'க்ளீவ்டு'ன்னுதான் வரணும், 'க்ளேவ்'ங்கிறது பக்கத்து வினைய பாத்து ஒட்டிக்கிட்ட வடிவம். ஆட்டுக் குளம்பு பிளந்திருக்கறதுக்கு 'க்ளோவன்', கறிக்கடை கத்தி 'க்ளீவர்', பூண்டுப் பல் 'க்ளோவ்', எல்லாமே பிளக்குற குடும்பம் (கிராம்புக்கும் அதே 'க்ளோவ்'தான், ஆனா அது ஆணிங்கிற பிரெஞ்சு சொல்லுல இருந்து வந்தது, சம்பந்தமே இல்ல). ஒட்டிக்கிட்டதை யாராச்சும் 'க்ளோவன்'னு சொல்றாங்களா? அதோட ஒட்டுறதுக்கு பின்னாடி 'டு'வோ (to) 'அன்டு'வோ (unto) வரணும், பிளக்குறதுக்கு தேவையே இல்ல. இலக்கணமே தனித்தனியா இருக்கே!

மல்லிப்பந்தல்:
குறுக்க வரேன் அண்ணா, நான் சின்ன வயசுல இருந்து தமிழ் பைபிள் படிக்கிறவ. நீங்க ரெண்டு பேரும் சொன்ன வசனத்துல தமிழ்ல ஒண்ணு 'பிளந்துகொண்டு', இன்னொண்ணு 'பற்றிக்கொண்டாள்', குழப்பமே வராது. இங்கிலீஷ்ல படிச்சப்பதான் ரூத் மாமியார விட்டு பிரிஞ்சு போயிட்டாளோன்னு ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தேன், ஏன்னா எனக்கு தெரிஞ்ச ஒரே அர்த்தம் வெட்டுறதுதான்.

தெருவிளக்கு:
இதத்தான் சொல்றேன்! படிக்கிறவங்களுக்கு அது ஒரே சொல்லா தெரியுது, அதனாலதான் தடுமாறுறாங்க. டிக்‌ஷனரில ரெண்டு தனி பதிவா போட்டிருக்கிறது பிறப்பை பாத்து, அதுக்கு மதிப்பு உண்டு, ஆனா புழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல.

ஏட்டுப்பூச்சி:
தங்கச்சி தடுமாறுனதே அங்க ரெண்டு வினை இருக்குன்னு யாரும் சொல்லித் தராததாலதான். புழக்கத்த நான் மறுக்கல ப்ரோ. அந்த வீடியோக்காரர் 'மாறிடுச்சு'ன்னு சொன்னத எடுத்துட்டு 'ரெண்டு வந்து கலந்துடுச்சு'ன்னு போடட்டும், நான் இதோட விட்டுடறேன்.