அடியில் படம் வைத்து வரைபடம் போட்ட அனுபவங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து:

ஒரு படத்தை அடியில் வைத்து அதன் மேல் கோடு இழுப்பது காப்பியடிப்பதுதானே என்று இங்கே ஒரு தம்பி கேட்டிருந்தார். கோயில் மலர்களுக்கும் வீட்டுமனை விற்பவர்களுக்கும் வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். அடியில் படம் இல்லாமல் நான் எதையும் வரைவதில்லை. என்ன படம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் பாகப்பிரிவினைக்காகக் குடும்ப நிலத்தின் படம் கேட்டு வந்தார். கையில் இருந்தது, நில அளவைத் துறை எல்லையும் அளவும் குறித்து வரைந்த புலப்படத்தின் நகல் ஒன்றை செல்போனில் எடுத்த போட்டோ. அதை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, எல்லைக்கோட்டின் மேல் மவுஸைக் கொண்டுபோனதும், "அங்கயே நில்லுங்க தம்பி" என்றார். "கோட்டைப் பாக்காதீங்க, கோட்டுப் பக்கத்துல எழுதியிருக்கிற அளவைப் பாருங்க."

நகலெடுக்க எடுக்கப் படம் கொஞ்சம் கொஞ்சமாக இழுபடும். போட்டோ எடுத்தால் சாயும். எழுதிய அளவு அப்படியே இருக்கும். புலப்படத்துக்குள் ஜி லைன் என்று ஒரு அடிக்கோடு ஓடும். அதில் எவ்வளவு தூரம் போய், எந்தப் பக்கம் எவ்வளவு விலகினால் வரப்பின் வளைவு வரும் என்று எண்களில் குறித்திருப்பார்கள். அவர் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். முடிந்த பிறகு பார்த்தால், போட்டோவில் இருந்த வடகிழக்கு மூலை எங்கள் மூலையை விட்டு நன்றாகத் தள்ளி நின்றது. மனுஷர் விடவில்லை. நிலத்துக்கே கூட்டிப்போய் எல்லைக்கல்லில் டேப்பைப் பிடிக்க வைத்தார். எண்தான் ஜெயித்தது.

செயற்கைக்கோள் படத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டக் கூடாது. உயரமான கட்டடம் சாய்ந்து தெரியும். கூரையை விட்டுவிட்டு அடித்தளத்தைத்தான் வரைய வேண்டும். கெடிலம் கடலில் சேரும் இடத்தில் மணல்திட்டு ஒரு மழைக்காலத்தில் உருமாறிவிடும், ஆகவே படம் எடுத்த தேதியைப் பார்க்காமல் அங்கே கரையை வரையாதீர்கள். திருட்டு பற்றிக் கேட்ட தம்பிக்கு: யாரும் வரைந்து சேர்க்கக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் மைக்ரோசாஃப்டின் பிங் செயற்கைக்கோள் படத்தின் மேல் வரைய அனுமதி இருக்கிறது, கூகுள் மேப்பின் மேல் வரையக் கூடாது. அதில் வாதத்துக்கே இடமில்லை.

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து:

அண்ணே, எனக்கு வாய்த்தவர் ஒரு சொல்தா தாத்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், எங்கள் தெருவிலேயே வீடு.

விருந்தினர் இல்லம் நடத்தும் ஒருவர் பிரெஞ்சுக்காலத்து நகரப்படம் ஒன்றைக் கொடுத்து, இன்றைய தெருக்களை அதன் மேல் போடச் சொன்னார். அளவுகோலில் 100 என்று இருந்தது. தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "மீட்டரே புரட்சிக்கு அப்புறம் வந்ததுடா, இது துவாஸ்" என்றார். துவாஸ் என்பது பழைய பிரெஞ்சு நீள அளவு, ஒரு துவாஸ் 1.949 மீட்டர். மீட்டர் என்று எடுத்திருந்தால் ஊர் பாதியாகச் சுருங்கியிருக்கும். அந்தக் காலப் பிரெஞ்சுப் படங்களில் தீர்க்கரேகை பாரிஸிலிருந்தும் கணக்காகியிருக்கலாம். இன்று தீர்க்கரேகைக் கணக்கு தொடங்கும் கிரீன்விச்சுக்குப் பாரிஸ் கிழக்கே 2 பாகை 20 கலையில் இருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது புள்ளி வைப்பது, அதாவது பழைய படத்திலும் இன்றைய படத்திலும் ஒரே இடத்தைக் குறித்து இரண்டையும் பொருத்துவது. படத்தில் கண்ணைப் பறிக்கிற கோட்டையில் புள்ளி வைக்க முடியாது, 1761இல் ஆங்கிலேயர் அதைத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். நல்லவேளை, டச்சுக்காரர்கள் 1690களில் போட்ட கட்டம்கட்டமான தெரு அமைப்பை வைத்துத்தான் ஊர் வளர்ந்தது, அதனால் தெருமுனைகள் கைகொடுத்தன. படத்தைத் திருப்பி, நீட்டி, சாய்த்துப் பொருத்தும் முதல்படி பல்லுறுப்புக் கோவை என்ற கணக்குக்கு மூன்று புள்ளி போதும் என்று மென்பொருள் சொல்லும். மூன்றே மூன்று வைத்தால் பிழை எப்போதும் சுழியம்தான் காட்டும், அதைப் பார்த்து சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை. நான் பெரிய வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும், ஊரைச் சுற்றிய புல்வார் சாலை ஓரம் வரைக்கும் பரப்பி வைத்தேன். எல்லாப் புள்ளியையும் வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள வெள்ளைக்காரர் நகரத்திலேயே குவித்தால் மேற்குப் பக்கம் எங்கேயோ போய்விடும்.

கடற்கரை மட்டும் ஒத்துவரவில்லை, ஒத்துவரவும் வராது. இங்கே கரை அரித்துப்போய்க் கல் கொட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். கோட்டையையும் பழைய கரையையும் தனி லேயரில் புள்ளிக்கோடாகப் போட்டு, மூலப்படத்தின் ஆண்டையும் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். இல்லத்துக்காரருக்குப் பிடிக்கவில்லை. கோட்டையைத் தங்க நிறத்தில் அழுத்தமாகக் காட்டினால்தான் சுவரில் எடுப்பாக இருக்குமாம். நிறத்தை மாற்றிக் கொடுத்தேன், புள்ளிக்கோட்டை மாற்றவில்லை.