ஃபார்மசி லீடர்ஷிப் ரெசிடென்சி + முதுகலை: விண்ணப்பித்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

அமெரிக்காவில் ஃபார்ம்.டி (மருந்தாளுநர் பட்டம்) முடித்துவிட்டு 2024–25 சுற்றில் விண்ணப்பித்தேன். மருத்துவமனை மருந்தக நிர்வாகத்தில் இரண்டு வருட ரெசிடென்சி (சம்பளத்தோடு பயிற்சி), கூடவே எம்.எஸ். (சில இடங்களில் எம்.பி.ஏ. அல்லது மருத்துவ நிர்வாகப் பட்டமான எம்.ஹெச்.ஏ.). பெரும்பாலும் இரண்டு கதவையும் தனித்தனியாகத் தட்ட வேண்டும். ரெசிடென்சிக்கு ஃபோர்காஸ் என்ற பொது விண்ணப்பத் தளத்தில் சிவி, லெட்டர் ஆஃப் இன்டென்ட் (ஏன் சேர விரும்புகிறோம் என்ற கடிதம்), மூன்று பரிந்துரைகள். பட்டத்துக்குப் பல்கலைக்கழகத்தில் வேறு விண்ணப்பம், வேறு கடைசித் தேதி.

டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த ஏ.எஸ்.ஹெச்.பி. (அமெரிக்க மருத்துவமனை மருந்தாளுநர் சங்கம்) மாநாட்டில் ஸ்டால் ஸ்டாலாக ஏறி இறங்கினேன். டைரக்டர்கள் எல்லாரும் இனிக்க இனிக்கத்தான் பேசுவார்கள். பக்கத்தில் நிற்கும் ரெசிடென்ட்டைப் பிடியுங்கள். "வகுப்பு நாளில் ஆள் பற்றாக்குறை வந்தால் விடுவார்களா?" என்று ஒருவரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "வகுப்பிலும் பேஜர் கையில்தான் இருக்கும்" என்றார். படிப்புக் கட்டணம் யார் தலையில் என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம். சில மருத்துவமனைகள் முழுதாகக் கட்டுகின்றன, சில பாதியோடு சரி.

நேர்காணலில் மருந்தியல் கேள்வி அதிகம் வரும் என்று தயாராகிப் போனால் வேலைக்கு ஆகாது. ஓர் இடத்தில் ஒரு பக்கத் தாளை நீட்டி அரை மணி நேரம் தந்தார்கள். வார்டு மருந்து அலமாரிகள் இரவில் காலியாகின்றன, நரம்பு வழி மருந்து தயாரிக்கும் ஐ.வி. அறையில் டெக்னீஷியன் இடங்கள் நிரம்பவில்லை, பட்ஜெட்டில் புதிய ஆளுக்கு இடமில்லை. என்ன செய்வீர்கள்? இயந்திரம் வாங்கலாம் என்று நான் ஆரம்பிக்கவில்லை. இரவு ஷிஃப்டில் யார் யார், அலமாரியை எத்தனை மணிக்கு நிரப்புகிறார்கள் என்று திருப்பிக் கேட்டேன். அதற்கப்புறம்தான் பேச்சே சூடுபிடித்தது.

நேர்காணலுக்குப் பின் நாமும் மருத்துவமனைகளும் தனித்தனியே விருப்ப வரிசை (ரேங்க் லிஸ்ட்) தருவோம்; அவற்றைக் கணினி பொருத்துவதுதான் 'மேட்ச்'. ரேங்க் லிஸ்டில் கணக்குப் போட்டு விளையாடாதீர்கள். மேட்ச் முறை விண்ணப்பதாரரின் விருப்ப வரிசைக்குச் சாதகமாகவே இயங்குகிறது. 'அவர்கள் நம்மை எடுப்பார்களா' என்று பார்க்காமல் ஆசைப்பட்ட வரிசையிலேயே போடுங்கள். மார்ச்சில் வரும் முடிவு இரு பக்கத்தையும் கட்டுப்படுத்தும்.

மறுமொழி 1
எனக்கு மேட்சின் முதல் கட்டத்தில் எதுவும் அமையவில்லை. நிரம்பாத இடங்களின் பட்டியல் வந்ததும் இரண்டாம் கட்டத்தில் போட்டேன், கிடைத்தது. நேர்காணல் எல்லாம் வீடியோவில், மூச்சுவிட நேரமில்லை. பரிந்துரை எழுதியவர்களிடம் 'மறுபடி தேவைப்படலாம்' என்று முன்பே சொல்லி வையுங்கள். சம்பளம் மருந்தாளுநர் வாங்குவதில் ஏறக்குறைய பாதிதான். வீட்டில் இதை விளக்குவது நேர்காணலைவிடக் கஷ்டம்!

மறுமொழி 2
கோவையில் ஃபார்ம்.டி முடித்தேன். நேரடியாக விண்ணப்பிக்கலாமா அண்ணா?

மறுமொழி 3
முதலில் எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழ் (வெளிநாட்டில் ஃபார்மசி படித்தவர்களுக்கானது) வேண்டும் தம்பி. அதற்கு எஃப்.பி.ஜி.இ.இ. என்ற ஃபார்மசி தேர்வும் டோஃபல் ஆங்கிலத் தேர்வும் தேற வேண்டும். நான்கு வருட பி.ஃபார்ம் இப்போது அதற்குச் செல்லாது, உங்கள் ஆறு வருடப் படிப்புக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் பல மருத்துவமனைகள் விசா ஸ்பான்சர் செய்வதில்லை. காசு கட்டி விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொரு இடத்துக்கும் மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.